யூனிட்டுக்கு ஒன்பது ரூபாயா?

சென்னை சூளைமேட்டில் நாங்கள் குடியிருந்தது மூணு போர்ஷன் வீடு. கீழே ஹவுஸ் ஓனர், மாடியில் நாங்கள், பின்பக்கம் பூ கட்டி விற்கும் ஒரு பாட்டி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கரண்ட் கனெக்‌ஷன். எங்களுக்கும் பாட்டிக்கும் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குவார்கள். நாங்களும் வாய் திறக்காமல் கொடுத்து வந்தோம்.

2023-ல் ஒருநாள் வீட்டுக்காரம்மா, "கண்ணு சரியா தெரியல, கரண்ட் பில் எவ்ளோன்னு பாரும்மா" என்று போனை நீட்டினார். 650 யூனிட், 3,200 ரூபாய். எனக்குச் சுருக்கென்றது. அந்த ரெண்டு மாசத்துக்கு நாங்கள் 190 யூனிட்டுக்கு 1,710 ரூபாயும், பாட்டி 60 யூனிட்டுக்கு 540 ரூபாயும் கொடுத்திருந்தோம். ஏ.சி., மோட்டார் என்று 400 யூனிட் எரித்தவர்கள் கையிலிருந்து போட்டது வெறும் 950! மோட்டார் எல்லோருக்கும்தான் ஓடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத்தான் பராமரிப்பு என்று மாசாமாசம் தனியாக வாங்குகிறார்களே!

2016 மே மாசத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். பாட்டிக்குத் தனி மீட்டர் இருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டாம். எங்களுக்கும் 2022 செப்டம்பர் கட்டணப்படி 202 ரூபாய் 50 பைசாதான் வந்திருக்கும். மூணு குடும்பம் ஒரே மீட்டரில் எரித்தால் 500 யூனிட்டைத் தாண்டி ரேட் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தாலும் 3,200-ஐ 650-ஆல் வகுத்தால் யூனிட் 5 ரூபாய்கூட வரவில்லை. இந்த 540 ரூபாய்க்குப் பயந்துகொண்டு பாட்டி கத்திரி வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூ கட்டுவார்.

"சும்மா இரு, அட்வான்ஸ் அவங்க கையில இருக்கு" என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. படித்தது பத்தாவதுதான் என்றாலும் இந்தக் கணக்குத் தெரியாதா? காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். "எல்லா வீட்லயும் இப்படித்தானே வாங்கறாங்க?" என்றார். அதுவும் வாஸ்தவம்தான், அடுத்த தெருவில் 10 ரூபாய். எல்லோரும் வாங்கினால் நியாயமாகிவிடுமா? நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், "பாட்டிக்கு மட்டும் 5 ரூபாய் போட்டுக்கறேன், உங்களுக்கு அதே 9 தான்" என்றார். நான் சரி என்றேன்.

வீட்டுச் சொந்தக்கார சகோதரிகளே, கட்டுப்படி ஆகவில்லை என்றால் வாடகையை வெளிப்படையாகக் கூட்டிக் கேளுங்கள். கரண்ட்டில் எதற்கு லாபம்? பில்லைக் காட்டி, யூனிட்டுக்குத் தகுந்த மாதிரி பங்கு போட்டு வாங்குங்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்களும் காற்று வருதா, தண்ணி வருதா என்று பார்ப்பதோடு, தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட் எவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

- ஒரு வாசகி, சென்னை.