குறட்டைக்கு ஊசியா, இயந்திரமா?

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள், பெரம்பலூர் வழியாகச் சென்னை–திருச்சி சாலையில் விடிய விடிய ஓடும் வண்டிகள். ஓட்டுபவர்களில் நம் வீட்டினரும் உண்டு. "கண் அசந்துவிட்டார்" என்று நாம் சொல்லும் விபத்துகள் சிலவற்றுக்குப் பின்னால் ஸ்லீப் அப்னியா என்ற நோய் இருக்கலாம்.

உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். மூளை உலுக்கி எழுப்பும். இரவு முழுவதும் இதே கதை. ஜும்ஆ பயானில் தூங்கி விழுபவரைக் கேலி செய்யும் நாம், அவரை மருத்துவரிடம் அனுப்ப நினைப்பதில்லை.

2024 டிசம்பரில் அமெரிக்கா, உடல் பருமனோடு இந்நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அனுமதித்தது. 2025 மார்ச்சில் நீரிழிவு, பருமனுக்கான மருந்தாக அது மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கும் வந்தது. "இனி மெஷின் எதற்கு?" என்று கேட்கிறார்கள்.

ஆய்வு சொல்வதைப் பார்ப்போம். பங்கேற்றவர்களுக்கு மணிக்குச் சராசரியாக 50 முறை மூச்சு தடைபட்டது. 52 வாரங்களில் அது 25 முதல் 29 வரை குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் மணிக்கு 15 முறையைத் தாண்டினாலே நடுத்தர நோய், 30 என்றால் கடுமையானது. ஆக, பலருக்குப் பாதி நோய் மிஞ்சுகிறது. ஒல்லியானவர்களுக்கு இந்த ஊசி பொருந்தாது.

1981-இல் அறிமுகமான சிபேப் இயந்திரம் முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து பாதையைத் திறந்து வைக்கிறது. முதல் இரவிலிருந்தே பலன் தெரியும். மாட்டாத இரவில் பலன் இல்லை. இன்று இரவு வண்டி எடுப்பவர் ஊசிக்காக ஓராண்டு காத்திருக்க முடியுமா? இலேசான, நடுத்தர நோய்க்குத் தாடையை முன்தள்ளும் வாய்க்கருவி உண்டு. டான்சில், அடினாய்டு வீங்கிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதல் வழி.

வளைகுடாவிலிருந்து பழைய இயந்திரம் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் இலட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. மாடலைச் சரிபார்க்காமல் தராதீர்கள்.

எதற்கும் முன் தூக்கப் பரிசோதனை அவசியம். வேலை போய்விடும் என்று அஞ்சியே ஓட்டுநர்கள் நோயை மறைக்கிறார்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரு மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இப்பரிசோதனை எளிதாகக் கிடைக்க நாம் குரல் கொடுக்க வேண்டும். இயந்திரம் வாங்க இயலாத ஓட்டுநருக்கு ஜமாஅத்துகள் கைகொடுக்கட்டும். அது அவர் உயிரையும், எதிரே வருபவர் உயிரையும் காக்கும்.