பிசிஷியன் அசிஸ்டென்ட் பயிற்சியில் கிரெடிட் மாற்றமும் பாட விலக்கும்: நிலைப்பாட்டு அறிக்கை

அமெரிக்காவில் நோயறிந்து மருந்து எழுதும் பிசிஷியன் அசிஸ்டென்ட் பணிக்கான பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு மருத்துவப் பின்னணியோடுதான் வருகிறார்கள். ஒருவர் உடற்கூறியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருப்பார். ஒருவர் ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக வேலை பார்த்திருப்பார். இன்னொருவர் சென்னையிலோ மணிலாவிலோ மருத்துவம் படித்துவிட்டுக் குடியேறியிருப்பார். படித்ததையே மறுபடி படிக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்பது நியாயமானது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வேறொரு கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்வது கிரெடிட் மாற்றம். முன்படிப்பையோ அனுபவத்தையோ காட்டி, பாடத்திட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்காமலே அடுத்த கட்டத்துக்குப் போவது பாட விலக்கு. இரண்டிலும் முடிவில் நடப்பது ஒன்றுதான்: பட்டம் தரும் நிறுவனம் தான் கற்பிக்காத ஒரு பாடத்துக்கும் தானே பொறுப்பேற்கிறது.

இந்த அறிக்கையின் நிலைப்பாடு இது. வகுப்பறைக் கட்டத்தில் பாட விலக்கு அரிதாகவே, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகச் சோதித்த பிறகே தரப்பட வேண்டும். மருத்துவமனைப் பயிற்சிக் கட்டத்தில் அனுபவத்தைக் காட்டி விலக்குக் கேட்பதை ஏற்கக் கூடாது. அங்கீகாரம் இழந்த, அல்லது மூடப்படும் பயிற்சித் திட்டத்தின் மாணவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு இடம் கொடுப்பது மற்ற திட்டங்களின் கடமை.

பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏஆர்சி-பிஏ ஆணையம் பாட விலக்கைத் தடை செய்யவில்லை. விலக்குக் கொள்கையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், விலக்குப் பெற்ற மாணவர் அதற்கான தகுதியை எட்டியதற்கும் அந்தப் பாடத்தின் திறன்களைக் காட்டியதற்கும் ஆவணம் இருக்க வேண்டும் என்பதே அதன் விதி. ஆனாலும் பல திட்டங்கள் “விலக்கு இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரிக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. அதை மாணவருக்குச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

காரணம் பாடத்திட்டத்தின் பின்னலில் இருக்கிறது. தோள்பட்டையை எடுத்துக்கொள்ளலாம். உடற்கூறியல் கூடத்தில் மாணவர்கள் சடலத்தின் தோள் தசைகளைப் பிரித்துப் பார்க்கும் வாரத்திலேயே, உடல் பரிசோதனை வகுப்பில் உயிருள்ள ஒருவரின் கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லி எந்தக் கோணத்தில் வலி தொடங்குகிறது என்று குறிக்கிறார்கள். நோயியலில் தசைநாண் கிழிவு வருகிறது. மருந்தியலில் வலிநிவாரணி வருகிறது. சிறுநீரகம் பழுதான முதியவருக்கு அதன் சில வகைகளை ஏன் எழுதக் கூடாது என்பதும் கூடவே வருகிறது. உடற்கூறியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்குத் தசைகளின் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வகுப்புக்கு வராதவர் இழப்பது பெயர்களை அல்ல, ஒரு பாடம் இன்னொன்றோடு சேரும் இடத்தை. வேறு கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் இதைக் காட்டாது.

மருத்துவமனைக் கட்டத்தில் வாதம் இன்னும் வலுவானது. பயிற்சி பெரும்பாலும் 27 மாதங்களை ஒட்டியது. அதில் சுமார் 2,000 மணி நேரம் நோயாளிகளின் நடுவே கழிகிறது. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், அவசர சிகிச்சை, அறுவை சிகிச்சை, குழந்தை நலம், பெண்கள் நலம், மனநலம் எல்லாவற்றிலும் மாணவர் பணியாற்ற வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்த செவிலியர், வென்டிலேட்டரின் முன்னால் இளம் மருத்துவரைவிடத் தெளிவாக இருக்கக்கூடும். ஆனால் மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு நோய் இதுவா அதுவா என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக விலக்கி, சிகிச்சையை எழுதிக் கையெழுத்திடுவது அவர் அதுவரை செய்யாத வேலை. பிசிஷியன் அசிஸ்டென்டுகள் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதுகிறார்கள். அந்த வேலையைக் கண்காணிப்பின் கீழ் பழகும் மணி நேரத்தை வேறு வேலையில் கழித்த ஆண்டுகளால் ஈடுகட்ட முடியாது.

அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்பது இதன் பொருளல்ல. இந்தத் தொழில் பிறந்ததே அனுபவசாலிகளிடமிருந்துதான். 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய முதல் வகுப்பில் இருந்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள். போர்க்களத்தில் காயம் கட்டியவர்களின் திறமை வெளியே வீணாகக் கூடாது என்ற எண்ணம் அந்த முயற்சியில் இருந்தது. அனுபவம் அவர்களுக்கு இடம் வாங்கித் தந்தது. அதன்பின் இரண்டாண்டுப் பயிற்சி இருந்தது. இன்றும் அந்த வரிசையே சரி. சேர்க்கையில் முன்னாள் படைவீரர், பாராமெடிக், செவிலியர் ஆகியோரின் பணிக்காலத்துக்கு வெளிப்படையான, கணிசமான மதிப்பெண் தர வேண்டும். இதில் பல திட்டங்கள் இன்னும் கஞ்சத்தனம் காட்டுகின்றன.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு வேறொரு தடையும் இருக்கிறது. பான்ஸ் என்னும் 300 கேள்விகள் கொண்ட சான்றிதழ்த் தேர்வை எழுத, ஏஆர்சி-பிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். பட்டதாரிக்கும் இதே விதி. 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் தொடங்கிவைத்த வழியில் இந்தியாவில் இதே தொழிலுக்குப் படித்தவருக்கும் இதே விதிதான். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பாதிப் படிப்பு கழியும் என்ற நம்பிக்கையில் வேலையை விட்டு வந்தவரிடம் பிறகு மறுப்பது கொடுமை.

விலக்குத் தரும் திட்டங்கள் மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடாமல் பழைய பாடத்தின் முழு விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அது எப்போது படித்தது என்பதும் முக்கியம். மருந்தியல் வேகமாகப் பழசாகும் பாடம். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தங்கள் மாணவர்களுக்கு வைக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும். தேறாதவர் எந்தக் கறையும் இல்லாமல் வகுப்பில் உட்காரலாம். வகுப்பு தொடங்கும் முன்பே முடிவு எழுத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும், மறுத்தால் காரணத்தோடு. கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை: பாடங்கள் குறைந்து பதிவு பாதிநேரத்துக்கும் கீழே போனால் மத்திய அரசின் கடன் கிடைக்காது.

மூடப்படும் திட்டத்தின் மாணவருக்கு இந்த அளவுகோல்கள் பொருந்தா. அவர் குறுக்குவழி தேடி வரவில்லை. தன் தவறு இல்லாமல் நடுவழியில் நிற்கிறார். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் அனுமதிக்கப்பட்ட மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு; மருத்துவமனைகளில் இடமும் அளவோடுதான். ஆகவே அருகிலுள்ள திட்டங்கள் நெருக்கடிக்குக் காத்திராமல் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எண்ணிக்கையை உயர்த்த ஆணையத்திடம் விண்ணப்பிக்கும் பொறுப்பு ஏற்கும் திட்டத்துடையது. அங்கீகாரம் இருந்த காலத்தில் அந்த மாணவர் முடித்த பாடங்கள் ஒரு திறன் சோதனைக்குப் பின் அப்படியே ஏற்கப்பட வேண்டும். ஏற்கெனவே முடித்த மருத்துவமனைப் பணிகளும் அவ்வாறே. விடுபட்டவற்றுக்கு மட்டும் தனிக்கால அட்டவணை போட்டு, அந்தப் பகுதிக்கு மட்டுமே கட்டணம் வாங்க வேண்டும்.