காப்புத் தகட்டைக் கழற்றலாமா?

சென்ற கிழமை கனடாவிலிருந்து எமக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் முன்னொரு காலத்தில் எம்மிடம் பௌதிகவியல் படித்த மாணவர். இப்பொழுது ரொறன்ரோ நகரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். மனைவியும் ஒரு பெண்குழந்தையும் உண்டு. இளமை முதல் ஆசைப்பட்டிருந்த ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் ஒன்றை இவ்வாண்டு வாங்கிவிட்டாராம். சுகசேமம் விசாரித்தபின் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

“சேர், பின்சக்கரத்துக்குப் போகும் பெல்ற்றுக்கு மேலே ஒரு காப்புத் தகடு இருக்கிறது. இரண்டு மூன்று திருகாணிகள்தாம். அதைக் கழற்றினால் வண்டி வடிவாயிருக்கும், கழுவித் துடைக்கவும் சுகம். கூட்டாளிமார் சிலர் கழற்றியே ஓடுகிறார்கள். நானும் கழற்றலாமோ?”

கேள்வி சிறிது. ஆனால் ஒரு சொல்லில் விடை கூறிவிடத்தக்கதன்று.

நம்மூர்த் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை சங்கிலியாற் சுழல்பவை. ஆதலால் பெல்ற் என்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறுதல் வேண்டும். மோட்டார் சைக்கிள் தோன்றிய காலத்திலே பலவற்றின் பின்சக்கரத்தைச் சுழற்றியது தோற்பட்டிதான். மழையில் நனைந்தால் அது வழுக்கும். நாளடைவில் இழுபட்டுத் தளரும். அதனால் அதன் இடத்தைச் சங்கிலி பிடித்துக்கொண்டது. நெடுங்காலத்தின்பின், 1980ஆம் ஆண்டில், ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தார் ‘ஸ்டேர்ஜிஸ்’ என்னும் வண்டியில் பெல்ற்றை மீண்டும் கொண்டுவந்தனர். இது பழைய தோற்பட்டியன்று. பற்கள் உள்ள பெல்ற். இத்தகைய பெல்ற்றுகளுக்குள்ளே உருக்கையொத்த வலிமையுள்ள செயற்கை இழைகள் ஓடுகின்றன. அவ்வகை இழைகளுட் பேர்பெற்றதாகிய கெவ்லாரை, 1965இல் அமெரிக்காவில் டூபொன்ட் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டெபனி குவோலெக் என்னும் அம்மையார் கண்டறிந்தார். இந்தப் பெல்ற்றுக்கு எண்ணெய் வேண்டாம், இரைச்சல் குறைவு, சங்கிலியிலும் நெடுநாள் உழைக்கும். அதற்குப் பகை கல்லே. பெல்ற்றுக்கும் கப்பிக்கும் இடையே சிறு கல்லொன்று அகப்பட்டால் உள்ளிழைகள் அறுந்துபோகக் கூடும்.

இனி, கணக்குக்கு வருவோம். வண்டி முன்னோக்கி ஓடுகையில் பெல்ற்றின் மேற்பகுதி முன்கப்பியை நோக்கியும், கீழ்ப்பகுதி பின்கப்பியை நோக்கியும் விரைகின்றன. அவ்விரண்டு இடங்களிலும் அகப்பட்ட பொருள் உள்ளே இழுபடுமேயன்றி வெளியே தள்ளப்படமாட்டாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சக்கரத்தின் விளிம்பு ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடுகிறது. இவ்வகை வண்டிகளிற் பின்கப்பியின் விட்டம் ஏறக்குறையச் சக்கரத்தின் விட்டத்திற் பாதி. எனவே பெல்ற் ஒரு செக்கனில் சுமார் ஐந்தரை மீற்றர் ஓடும். ஆறு யார் சேலையொன்றின் நீளமும் ஐந்தரை மீற்றரே. ‘ஐயோ’ என்று வாய் திறக்குமுன் ஒரு முழுச் சேலை போய்விடும் என்பது இதன் பொருள்.

மாணவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர் தோலங்கியும் உயர்ந்த சப்பாத்தும் அணிந்து தனியே ஓடுபவராயின், அவரது உடை பெல்ற்றில் அகப்படுவது அரிது. பெல்ற் எங்கே ஓடுகிறதென்பது அவருக்குத் தெரியும். காலை எங்கே வைக்கவேண்டுமென்பதும் தெரியும். ஆனால் காப்புத் தகடு அவருக்காக மட்டுமா இருக்கிறது?

நாம் சிறுவனாயிருந்தபோது எமதூரில் ஒரு நெல்லுக் குத்தும் மில் இருந்தது. இயந்திரத்திலிருந்து குத்தும் யந்திரம் வரைக்கும் ஓர் அகன்ற பெல்ற் ‘தடக், தடக்’ என்று ஓடும். மில்காரர் அதன் இரு மருங்கிலும் பனஞ்சலாகைகளை அறைந்து வேலி போட்டிருந்தார். “நீங்கள் நெடுகவும் இங்கேதானே நிற்கிறீர்கள், உங்களுக்கு ஏன் இந்த வேலி?” என்று ஒருநாள் கேட்டோம். “தம்பி, பெல்ற் எங்கை ஓடுதெண்டு எனக்குத் தெரியும். குத்த வாற சனத்துக்குத் தெரியாது” என்றார். அந்தச் சொல்லின் பெறுமதி அன்று எமக்கு விளங்கவில்லை.

அது விளங்கிய நாளை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது மோட்டார் சைக்கிளின் செயின் கவர் கடகடவென்று சத்தமிடத் தொடங்கிற்று. ஒரு சனிக்கிழமை அதைக் கழற்றி விறகுக் கொட்டிலில் வைத்தோம். ‘பிறகு பூட்டுவோம்’ என்பதே எண்ணம். ஒரு மாதம் போயிற்று. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகப் புறப்பட்டபோது மனைவி புதுச்சேலை உடுத்துப் பின்னாசனத்தில் ஒருபக்கமாக அமர்ந்தார். ஒழுங்கை முடக்குத் தாண்டவில்லை; வண்டியை யாரோ பின்னாற் பிடித்திழுத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கையில் அவர் நிலத்தில் கிடந்தார். சேலைத் தலைப்பு சங்கிலியிற் சுற்றிக் கிடந்தது. வேகம் குறைவாயிருந்தமையால் முழங்கை உரைஞ்சியதோடும் சேலை கிழிந்ததோடும் போயிற்று.

அயலவர் ஓடிவந்து, “தலைப்பைச் செருகியிருக்கலாமே” என்றனர். நாமும் அவ்வாறு சொல்லத்தான் வாயெடுத்தோம். மனைவி மண்ணைத் தட்டிக்கொண்டு, “நீங்கள் முன்னாலே பாத்துக்கொண்டு ஓடுறியள். பின்னாலை இருக்கிறது நான்தானே” என்றார். அவ்வளவுதான். கவரைக் கழற்றும்போது அவரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்பொழுதே எம் நினைவுக்கு வந்தது.

இஃது எம் வீட்டில் மட்டும் நிகழ்ந்த கதையன்று. 1927ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி பிரான்சு தேசத்து நீஸ் நகரில் நடனமாது இசடோரா டங்கன் உயிர் நீத்தார். மோட்டார்க் காரிற் சென்றுகொண்டிருக்கையில் அவருடைய நீண்ட பட்டுச் சால்வை சக்கரத்திற் சுற்றிக்கொண்டது. காரைச் செலுத்தியவர் அவரல்லர், வேறொருவர். இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடும்படி கட்டளையிட்டபோதும், அக்கட்டளை பிறந்தது முதலாளியின் கையைக் காப்பதற்கன்று. இயந்திரத்தருகே நடமாடிய பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்கே. இந்தியாவிலே 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னாசனத்தில் இருப்பவரின் உடை அகப்படாதபடி பின்சக்கரத்திற் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருத்தல் வேண்டும் என்கின்றன. கழற்றுபவர் ஒருவர், வருந்துபவர் மற்றொருவர் என்பதைச் சட்டம் இயற்றினோர் நன்கறிந்திருந்தனர்.

ஆகவே மாணவருக்கு நாம் இவ்வாறு மறுமொழி எழுதினோம்: “தம்பி, உமது வண்டி, உமது திருகாணி, கழற்ற உமக்குத் தெரியும். ஆயினும் ஸ்பனரை எடுக்குமுன் உமது மனைவியைப் பின்னாசனத்தில் ஒருமுறை இருத்தி, அந்தத் தகடு எங்கே இருக்கிறது, எதை மறைக்கிறது என்று காட்டும். வண்டி கொட்டிலில் நிற்கும்போது உமது மகளின் விரல் எட்டும் உயரம் எதுவென்றும் பாரும். அதன்பின் இருவரிடமும் கேட்டுச் செய்யும். கழுவுவதற்காகக் கழற்றினீராயின், கழுவிய கையோடு பூட்டிவிடும். ‘பிறகு’ என்று விறகுக் கொட்டிலில் வைக்க வேண்டாம்.”

எமது செயின் கவர் அன்று மாலையே மீண்டும் பூட்டப்பட்டது. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டித் தகட்டுக்கும் இரும்புக்கும் இடையில் வைத்து இறுக்கினோம். அதன்பின் சத்தமில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்; ஒரு சதமும் செலவாகியிராது.