இரும்பு தேயும், சரி. சாமான் ஏன் கிடைப்பதில்லை?



உர விலை, வாய்க்கால் தண்ணீர், மஞ்சள் மார்க்கெட் எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு நம் கிளைக் கூட்டங்களில் கடைசியாக வந்து நிற்கிற பேச்சு இப்போது ஒன்றாகத்தான் இருக்கிறது. "இந்தக் குட்டி டிராக்டர் பழைய வண்டி மாதிரி உழைக்குமாங்க?" கேட்கிறவர்களில் பாதிப்பேர் வாங்கி முடித்தவர்கள். மீதிப்பேர் மானியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் ஒன்று. குட்டி டிராக்டர் வாங்கியது யாருடைய ஆடம்பரமும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையத்தின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் இரண்டுக்கும் கீழே! உழவு மாடு போய்விட்டது. ஆள் கிடைப்பதில்லை. வாடகை வண்டிக்காரர் பத்து ஏக்கர்க்காரர் காட்டை முடித்துவிட்டுத்தான் நம் அரை ஏக்கருக்கு வருவார். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். வாழை வரிசைக்குள்ளும் மஞ்சள் காட்டு வரப்புக்குள்ளும் 45 குதிரைத்திறன் வண்டியைத் திருப்ப முடியாது. சிறு விவசாயி சின்ன வண்டிக்குப் போனது வேறு வழி இல்லாமல்தான்.

அடுத்து பழைய வண்டி. மாசி 1035, போர்டு 3600, ஐஷர், சுவராஜ் 735 என்று நம் பகுதியில் 25, 30 வருடம் உழைத்த வண்டிகள் இன்றைக்கும் ஓடுகின்றன. "அந்தக் காலத்து இரும்பே வேற" என்கிறார்கள் பெரியவர்கள். நாம் அதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஓடுகிற பழைய வண்டிதான் நம் கண்ணில் படுகிறது. ஓடாமல் போனது எடைக்குப் போய் வெகுகாலம் ஆச்சு, அதை யார் கணக்கில் வைக்கிறார்கள்? ஓடுகிற வண்டியிலும் லைனர் பிஸ்டன் இரண்டு தடவை மாற்றியிருக்கும். நாசில் எத்தனை தடவை மாற்றினோம் என்பது சொந்தக்காரருக்கே நினைவிருக்காது. கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், டயர் எல்லாம் பிறகு போட்டது.

ஆனால் அத்தனையும் மாற்ற முடிந்தது, அதுதான் விஷயம்! லைனர் தேய்ந்தால் உருவிவிட்டுப் புதுசு இறக்கலாம். அந்த வேலை தெரிந்த பட்டறை ஒவ்வொரு சந்தைப்பேட்டையிலும் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. கம்பெனிச் சாமான் இல்லையென்றால் லூதியானா சாமான், ராஜ்கோட் சாமான் ஈரோட்டிலும் கோவையிலும் கடையில் கிடைக்கும். இன்று கழற்றினால் நாளை சாயங்காலம் வண்டி காட்டில் நிற்கும். பழைய வண்டியின் ஆயுளில் பாதி அதன் இரும்பில் இருந்தது என்றால், மீதிப் பாதி அந்த வேப்பமரத்தடியில்தான் இருந்தது.

இப்போது குட்டி வண்டிக்கு வருவோம். 18 முதல் 28 குதிரைத்திறன். பெரும்பாலான மாடல்கள் 600 முதல் 900 கிலோ எடைதான். பழைய 35 குதிரைத்திறன் வண்டி சுமார் 1,700 கிலோ. எடை குறைவு என்பது ஒரு குறையே அல்ல. சேற்றில் புதையாது, மண்ணை மிதித்து இறுக்காது. பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சொச்சம் சுற்றில் முழுத் திறனைக் கொடுத்துவிடும். இதில் பல மாடல்கள் 2,600, 2,700 சுற்றில்தான் கொடுக்கும். ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, ரேடியேட்டரில் சருகு அப்பினாலோ பெரிய வண்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சின்னது சட்டென்று சூடேறிவிடும். மற்றபடி எஞ்சினை மட்டும் பார்த்தால் மோசம் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. "புது வண்டியில் கம்ப்யூட்டர் வந்துடுச்சாமே" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023 ஜனவரியில் அமலான புகைக் கட்டுப்பாட்டு விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான்.

அப்புறம் எதுதான் போகிறது? கிளைகளில் விசாரித்தவரை, நெல் வயலில் இறக்கியவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது முன் அச்சு. பழைய டூ வீல் வண்டியின் முன் அச்சு வெறும் இரும்பு, இரண்டு பக்கமும் பேரிங், அவ்வளவுதான். ஃபோர் வீல் டிரைவ் குட்டி வண்டியில் முன் அச்சுக்குள்ளேயே கியர்கள் எண்ணெயில் ஓடுகின்றன. கேஜ்வீல் மாட்டி முழங்கால் சேற்றில் நாள் பூராவும் ஓட்டும்போது ஆயில் சீல் வாய் திறந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். எண்ணெய் பால் காப்பி நிறத்துக்கு மாறிவிடும். அதைத் திறந்து பார்க்காமல் அடுத்த போகத்துக்கும் ஓட்டினால் கியர் பல்லும் பேரிங்கும் சேர்ந்து போச்சு. சீல் சின்னச் சாமான். அது விட்டுவிட்டால் வருகிற செலவு சின்னது இல்லை.

இரண்டாவது எண்ணெய். இன்றைய பல மாடல்களில் பிரேக், கியர்பாக்ஸ், லிப்ட் மூன்றும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. அதற்குத் தனி எண்ணெய் உண்டு, புத்தகத்தில் போட்டிருக்கும். புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது! பழைய பழக்கத்தில் 90 நம்பர் ஆயிலை ஊற்றினால் முதலில் பிரேக் கத்தும், பிறகு லிப்ட் தூக்காது. வாங்கும்போது இதை வாயைத் திறந்து சொல்ல ஷோரூமில் ஒரு ஆள் இல்லையா?

24 குதிரைத்திறன் வண்டியில் கரும்பு ட்ரெய்லரை மாட்டி மில்லுக்கு இழுப்பது வண்டியைக் கொல்கிற வேலை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கிளட்ச் தாங்காது, பிரேக்கும் பிடிக்காது, உயிருக்கே ஆபத்து. ஆனால் "எல்லா வேலைக்கும் ஒரே வண்டி" என்று நோட்டீஸ் அடித்துத் தந்தது யார்?

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிற நம் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டாவது போகத்திலேயே முன் அச்சில் சத்தம் வந்தது. ஷோரூமுக்குப் போனார். "சேத்துல ஓட்டுனீங்களாண்ணா? அப்ப வாரண்டி வராதுங்க" என்றார்கள். அவர் கையில் இருந்த கம்பெனி நோட்டீசில் கேஜ்வீல் மாட்டிய அதே மாடல் சேற்றுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கிறது! சாமான் வந்து சேர 40 நாள். நாற்று காத்திருக்குமா? வாடகை வண்டி விட்டு நட்டார். வாடகையும் கொடுத்தார், வங்கித் தவணையும் கட்டினார். வாரண்டி இல்லை என்பதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பழக்கம் இல்லீங்க" என்று பதில்.

வாரண்டி அட்டையில் வருடக் கணக்கு பெரிய எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் மணிக்கணக்கு சின்ன எழுத்தில். எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. சீல், கிளட்ச் பிளேட் போன்ற தேயும் சாமான்கள் பெரும்பாலும் அதில் வருவதே இல்லை. கடன் மட்டும் வாரண்டி முடிந்த பிறகும் வருடக்கணக்கில் நீள்கிறது.

இதில் அரசாங்கத்துக்குப் பங்கில்லையா? மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15இல் வந்தது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிட விவசாயிகளுக்கு 50 சதம், மற்றவர்களுக்கு 40 சதம், உச்சவரம்போடு மானியம். அந்தப் பட்டியலில் ஒரு மாடல் ஏற வேண்டுமானால் பரிசோதனை அறிக்கை வேண்டும். மத்தியப் பிரதேசம் புத்னியில் இதற்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே இழுவை, லிப்ட், பிரேக் எல்லாம் சோதித்து, சேற்றிலும் ஓட்டி, பிறகு கழற்றிப் பார்த்து, உள்ளே சேறு போயிருக்கிறதா, எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது குறிப்பிட்ட மணிநேரச் சோதனை; பத்து வருடம் கழித்துச் சாமான் கிடைக்குமா என்பதை அது சொல்லாது. அந்த அறிக்கையைத் தமிழில் படித்துப் பார்த்து வண்டி வாங்கிய விவசாயி நம் வட்டாரத்தில் ஒருவராவது உண்டா?

22.9.2025 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18 சதம் 5 சதமானது. குறைந்த வரி நம் பில்லில் குறைந்ததா? பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைப்பட்டியலே ஒட்டாத கடையில் எதை வைத்து ஒப்பிடுவது என்கிறீர்களா, அதையும் கேட்கத்தான் போகிறோம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சமாவது இருக்கிறது. விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கில் உச்சநீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் நாமே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், தூங்கிவிடக் கூடாது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் மத்திய அரசு ஒரு குழு போட்டது, அதில் விவசாய இயந்திரங்களும் உண்டு. இணையதளமும் திறந்தார்கள். இணையதளத்தில் ஆயில் சீல் கிடைக்காது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டமே போட்டு, சாமானும் கருவியும் பழுதுபார்க்கும் புத்தகமும் விவசாயிக்குக் கொடுத்தாக வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டிப்போட்டது. இங்கே ஏன் முடியாது?

ஆகவே நம் சங்கம் கேட்பது இதுதான். ஒரு மாடலை விற்று நிறுத்திய நாளிலிருந்து 15 வருடம் சாமான் தருவோம் என்று எழுதிக் கொடுக்கிற கம்பெனிக்கு மட்டுமே மானியப் பட்டியலில் இடம் கொடு! புத்னி அறிக்கையின் சுருக்கத்தையும் ஓட்டுநர் புத்தகத்தையும் பணம் கட்டும் முன் தமிழில் கொடு! சாமான் விலைப்பட்டியலை ஷோரூம் சுவரில் ஒட்டு! வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு! உழவுப் பருவத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சாமான் வரவில்லையென்றால் மாற்று வண்டி கொடு, இல்லையேல் வாடகையைக் கட்டு! சீலும் பேரிங்கும் வெளிக்கடையில் கிடைக்கிற மாதிரி அளவு விவரங்களை வெளியிடு, நம் பட்டறைக்காரர்களுக்குப் பயிற்சி கொடு! கடைசிக் கோரிக்கையை வேளாண் பொறியியல் துறையும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை 10 மணிக்கு ஈரோடு கலெக்டர் ஆபீஸ் முன்பு ஆர்ப்பாட்டம். குட்டி வண்டி வைத்திருப்பவர்கள் பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டு மூன்றையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, மணி மீட்டர் எத்தனை காட்டுகிறது என்பதை மேலே எழுதி, முதல் நாளே கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஜாப் கார்டு தர மறுத்த ஷோரூம் இருந்தால் போன தேதியையும் யாரிடம் பேசினீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். சாமான் வராமல் நிற்கிற வண்டிகளை லாரியில் ஏற்றியாவது கொண்டு வாருங்கள். லாரி வாடகையைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும்.

திரண்டு வாரீர்!