கிணற்றுக்காக ஒரு கல்யாணம்

சரித்திரத் தொடர்கதை என்றால் எனக்கு உயிர். ஒன்றுதான் பிடிப்பதில்லை: ராஜ்யத்துக்காகக் கட்டிவைத்த இளவரசிக்கு, புருஷன் வாளை உருவியதுமே காதல் வந்துவிடும்.

1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’ நேர்மாறு. குண்டலகேசிக் கதைதான். ஆசைப்பட்டுக் கட்டியவனே மந்திரி மகளை மலையுச்சியில் கொல்லப் பார்க்கிறான். மூன்று முறை சுற்றிக் கும்பிடுவதாகச் சொல்லி அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். எங்கள் ஆயா டூரிங் கொட்டகையில் பார்த்த படம். “ஆசப்பட்டா இதான் கதி” என்று சிரிப்பாள்.

ஆயாவின் கல்யாணமோ ஆசைப்பட்டு நடந்ததல்ல. ராசிபுரம் பக்கம் எங்கள் காடு. கிணற்றுப் பங்கு வெளியே போகக் கூடாதென்றுதான் அப்பாருவுக்கு ஆயாவைக் கட்டினார்கள். இரண்டு வருஷம் முகம்கொடுத்துப் பேச்சில்லை. விடியுமுன் அவர் கமலை இறைக்க, இவள் மடை திருப்புவாள். “போதும்”, “அடுத்த பாத்தி”, அவ்வளவுதான். ஒருநாள் ஆயாவுக்குக் காய்ச்சல். அப்பாரு மாட்டை நிறுத்திவிட்டு ஓடி மடை மாற்றி, திரும்ப ஓடி, மதியத்துக்குள் ஓய்ந்துபோனார். சாயங்காலம் ஒரு சொம்பு வெந்நீரோடு கட்டிலருகே உட்கார்ந்து, “நீயில்லாம தண்ணி பாயல” என்றாராம்.

நாவலாசிரியர்கள் இந்த மடை வேலைக்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்கலாம். எண்பது வயதிலும் அப்பாரு சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.