தனியாளின் சொத்து யாருக்கு?

மனைவி மக்கள் இல்லாதவருக்கு மரணசாசனம் எதற்கு? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை நடத்தும், திருமணம் முடிக்காத வியாபாரிகள் சிலர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயம் நேர்மாறானது. குடும்பஸ்தர் எழுதாமல் மௌத்தானாலும் சொத்தின் பெரும்பகுதி அவர் நினைத்த கைகளுக்கே போகும். தனியாளின் சொத்து அவர் நினைத்தே பார்க்காத இடத்துக்குப் போகலாம்.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனமின்றி மரணிக்கும் முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின் சட்டப்படியே பங்கிடப்படும். பெற்றோரும் பிள்ளைகளும் இல்லாதவரை அல்குர்ஆன் 'கலாலா' என்கிறது. ஸூரதுன் நிஸாவின் கடைசி வசனமே அவரது சொத்தைப் பற்றியதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். கடன் போக மிஞ்சுவது 90 இலட்சம். இருப்பவர்கள் உடன்பிறந்த ராத்தா ஒருவர், அவரது மகன், மௌத்தாகிவிட்ட உடன்பிறந்த காக்காவின் மகனும் மகளும். ராத்தாவுக்கு 45 இலட்சம், காக்காவின் மகனுக்கு 45 இலட்சம். காக்காவின் மகளுக்கு ஒன்றுமில்லை. 15 வருடமாகக் கடையைத் திறந்து பூட்டிய ராத்தாவின் மகனுக்கும் ஒன்றுமில்லை. எடுத்து வளர்த்த பிள்ளை இருந்தால் அதன் நிலையும் இதுவே.

இதற்காக மார்க்கத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களுக்குச் சொன்ன அனுமதி இருக்கிறது. அந்த 30 இலட்சத்தை ராத்தாவின் மகனுக்கு எழுதினால் மிகுதி 60 இலட்சமே வாரிசுகளுக்குள் பங்காகும். ராத்தா வாரிசு என்பதால் மற்ற வாரிசின் சம்மதமின்றி அவருக்கு வஸிய்யத் செல்லாது. வாயால் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும்.

அதற்கு மேலும் கொடுக்க விரும்பினால் உயிரோடிருக்கும்போதே ஹிபா செய்யலாம். ஆனால் மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால் அதே 1931 சட்டப்படி அது மீளப்பெறக் கூடியதே. வாங்குபவர் இதைக் கவனிக்கட்டும். கொடுப்பவர் தன் முதுமைக்கு என்ன மிஞ்சும் என்று கவனிக்கட்டும். இருக்கும் ஒரே கடையையும் எழுதிக்கொடுத்துவிட்டு நாளை யார் கையைப் பார்ப்பது?

பங்கு பிரிப்பதற்கும் வஸிய்யத்துக்கும் முன்னால் நிற்பது கடன். எமது வியாபாரம் பாதி நம்பிக்கையில் நடக்கிறது. யாருக்குச் சரக்குக் கடன், யாருடைய திகதி போட்ட காசோலை லாச்சியில் கிடக்கிறது, எது அமானிதம் என்பதெல்லாம் மனைவிக்காவது ஓரளவு தெரிந்திருக்கும். தனியாளுக்கு அவரது மண்டைதான் கணக்குப் புத்தகம். அதை ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பி இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

வங்கிக் கணக்கைத் திறந்த காலத்தில் பெரும்பாலோர் பின்னுரித்தாளியாக உம்மாவின் பெயரைக் கொடுத்திருப்பார்கள். உம்மா மௌத்தாகிப் பல வருடமான பின்னும் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். அடுத்த முறை காசு வைப்பிலிடப் போகும்போது அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.