பால்கோவாவும் லினக்ஸும்

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டம் ஞாபகமிருக்கிறதா? அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் தயாரிப்பு, அடித்தளம் டெபியன். “இதுக்கு சாஃப்ட்வேர் எங்கே மாமா கிடைக்கும்?” என்றான் ராஜபாளையத்து அக்கா மகன்.

“பால்கோவா வேணும்னா மாடா வாங்குவே மாப்ளே? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, டப்பாவா வாங்குவேல்ல?”

மூலநிரலை வாங்கி கம்பைல் செய்வது மாடு வளர்க்கிற வேலை. டெபியனில் ரெடிமேட் டப்பாக்களே 60,000-க்கு மேல். ‘ஆப்ட்’ புரோகிராமிடம் தேடச் சொன்னால் தேடித் தரும். கூடத் தேவைப்படும் உதிரிகளையும் அதுவே கொண்டுவரும்.

“நெட்ல எங்கேயாவது இறக்கிக்கலாமே?”

பஸ் ஸ்டாண்டில் விற்பதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் சரக்கா? அதற்குத்தான் 2019-ல் புவிசார் குறியீடு. டெபியன் களஞ்சியத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. ஆப்ட் சரிபார்த்தே நிறுவும். ஊர்பேர் தெரியாத டப்பாவுக்கு ரூட் பாஸ்வேர்டு கொடுப்பது, வழிப்போக்கனிடம் வீட்டுச் சாவி கொடுப்பது.

ஒரே வித்தியாசம்: பால்கோவாவுக்குக் காசு!